குங்குமம் பட்ட கணக்குப் புத்தகம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அரசாங்கப் பள்ளிக்கூடத்தை யாராவது குறைத்துப் பேசினால் இன்னும் சட்டென்று வரும். கலியாண வீடு, செத்த வீடு என்று பார்க்க மாட்டேன். "காசு கட்ட வழியில்லாததுகள் போற இடம்" என்று ஒருவர் என் முன்னால் சொன்னதற்கு, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். மகள் இப்போதும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கனடாவில், மொன்ட்ரியால்-நோரில், நானும் அவளும் தனியாக இருந்த காலத்தில் நடந்தது அது.

அவளுக்கு அப்போது எட்டு வயது. அவளுடைய அப்பா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். பாதிக் கடிதம் அங்குள்ள மழையைப் பற்றி இருக்கும், மீதி எங்கள் உடம்பைப் பற்றி. இந்த நகரத்தில் எங்களுக்கென்று இருந்தவர் ஒரே ஒருவர்தான்: என் பெரியம்மாவின் மகன், லாசாலில் குடும்பத்தோடு இருந்த அண்ணை. நகரத்தின் ஒரு மூலையில் அவர், மறு மூலையில் நாங்கள். பஸ், மெட்ரோ, பிறகு இன்னொரு பஸ். எங்கள் கட்டடம் முழுக்க ஹெய்ட்டிக்காரரும் வயதான இத்தாலியரும். தமிழ் கேட்க வேண்டுமென்றால் நானே வாயைத் திறந்தால்தான் உண்டு.

வீட்டுக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம். சிவப்புச் செங்கல் கட்டடம், கம்பி வேலி, சீமெந்து போட்ட முற்றம். மகளைச் சேர்க்கப் போன நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், வெட்கமும் வரும். அவளுடைய பிறப்புச் சான்றிதழ், முன்பு படித்த பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம், கிராமசேவகரின் கடிதம், போதாதென்று என்னுடைய சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு போனேன். ஒரு ரின் நிறையப் பயத்தம் உருண்டையும் கொண்டுபோனேன். இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டி, அதற்கு மேல் யாரோ தானம் கொடுத்த குளிர் ஜாக்கெட்டைப் போட்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஏன் இத்தனை ஆயத்தம் என்றால், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மா என்னைப் பட்டணத்தில் இருந்த ஒரு பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கிருந்த அதிபர் என் புள்ளிகளைப் பார்க்கவே இல்லை. "எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?" என்று ஊரையும் தகப்பனையும் பற்றி இரண்டே கேள்விதான் கேட்டா. எங்களூரில் அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அம்மா சொன்னா. "இடமில்லை" என்றார்கள். திரும்பி வந்து எங்கள் அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலையிலேயே படித்தேன். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, நன்றாகத்தான் படிப்பித்தார்கள். ஆனாலும் பள்ளிக்கூட வாசல் ஒன்றைக் கண்டால் இன்றைக்கும் சேலையைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே போவேன்.

இங்கே அலுவலகத்தில் இருந்த பெண் தலைமயிரில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள். அகதிப் பத்திரம், வீட்டு விலாசம், ஊசி போட்ட அட்டை, இவ்வளவையும் பார்த்தாள். ஒரு துண்டில் அறை இலக்கத்தை எழுதித் தந்தாள். நான் எழும்பவில்லை. இனித்தானே கேள்வி வரும்! அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் "இன்டர்வியூ?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டுத் தலையாட்டினாள், இல்லையென்று. பயத்தம் உருண்டையை நீட்டினேன். ஒன்றை எடுத்துக் கடித்தாள், கண்ணை விரித்தாள், ரின்னைப் பக்கத்து மேசைக்குத் தள்ளினாள். முடிந்தது அலுவல். எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை, அறுவாள்! அவளைச் செல்லமாக ஏசிக்கொண்டே வெளியே வந்து, படிக்கட்டில் நின்று கொஞ்சம் அழுதேன்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். ஒரு மாதம் முழுக்க ஜன்னலால் பார்த்தேன். சட்டைக் கொலர் தைக்கும் வேலையை வீட்டுக்கு எடுத்திருந்தேன். மெஷினை ஜன்னலடியில் போட்டுக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி தைப்பேன். மகளைப் புதிதாக வந்த பிள்ளைகளின் வகுப்பில் விட்டிருந்தார்கள். அந்த வகுப்புக்குப் பெயரே வரவேற்பு வகுப்புத்தான். வியட்நாம், ஹெய்ட்டி, சல்வடோர் என்று எங்கெங்கோ இருந்து வந்த பிள்ளைகள். யாராவது விழுந்தால் ஓடிவந்து தூக்கினார்கள். யாரையும் தனியே நிற்க விடவில்லை. உயரமான, நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய ஒரு ஆசிரியை, எந்தக் குளிரிலும் தொப்பியில்லாமல் நடுமுற்றத்தில் நிற்பா. பிள்ளைகள் அவவை "மதாம்" என்றார்கள். மகளும் மதாம் என்றாள், நானும் மனதுக்குள் மதாம் என்றே சொல்லிக்கொண்டேன்.

மணி அடித்தால் பிள்ளைகள் உள்ளே போய்விடுவார்கள். முற்றம் வெறிச்சென்று கிடக்கும். அதற்குப் பிறகு நானும் மெஷினும்தான். டெபனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனால் "போன்ஜூர்" என்பேன், வரும்போது "மெர்சி" என்பேன். அந்த இரண்டு சொல்லைத் தவிரப் பகலில் வேறு பேச்சில்லை. சில நாள் நானே எனக்கு ஏசிக்கொள்வேன், குரலைக் கேட்கலாமென்று. மத்தியானம் மகள் சாப்பிட வரும் அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்கு நாள். கார்த்திகை பிறக்குமுன்பே அதுவும் போயிற்று. "அம்மா, எல்லாரும் அங்கைதான் சாப்பிடுகினம். நானும் நிக்கட்டே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பொம்மைகளோடு பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கியிருந்தாள்; என் சமையலறையில் எனக்கு விளங்காத கதை. பள்ளிக்கூடம் நல்லது என்று எனக்குத் தெரிந்ததே, அது என்னை இவ்வளவு தனியாக்கியதால்தான்.

கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன். கார்த்திகைக்கு முன் நவராத்திரி வந்தது, அதைத்தான் சொல்ல வேண்டும்.

நவராத்திரி தொடங்குவதற்கு முதல் ஞாயிறு அண்ணை வந்தார். தன் பிள்ளைகள் இருவரையும் காசு கட்டும் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றில் விட்டிருந்தார். அதற்காகவே டோர்வல் விமான நிலையத்தில் இரண்டு வேலை செய்தார். சப்பாத்தைக் கழற்றாமலே விஷயத்தைத் தொடங்கினார்.

"பிள்ளை, அந்தப் பள்ளிக்கூடத்திலை கதைச்சு வைச்சிருக்கிறன். தைக்குப் பிறகு ஒரு இடம் வருகுது. நீங்கள் ரெண்டுபேரும் எங்கடை பேஸ்மென்ற்றுக்கு வாங்கோ. மச்சாளும் தனிய இருந்து கரைச்சல்படுறா. உனக்கும் ஒரு கதைபேச்சு இருக்கும்."

"இஞ்சை நல்லாத்தானே படிக்கிறாள், அண்ணை."

"என்னத்தைப் படிக்கிறாள்? எங்கடை சனம் எல்லாம் கடைசியிலை ரொறன்ரோவுக்குத்தானே போகுது, பிரெஞ்சைப் படிச்சுப்போட்டு அங்கை இங்கிலிசிலை என்ன செய்யப் போறாள்? சும்மா விடுற பள்ளிக்கூடத்திலை சும்மாதான் படிப்பிப்பினம். நவராத்திரி முடிய வாற ஞாயிறு முடிவைச் சொல்லு."

நல்ல மனிசன். எங்களை விமான நிலையத்தில் வந்து கூட்டிக்கொண்டு வந்தவர். அவர் சொன்னதில் ஒரு சொல் என்னைப் பிடித்து ஆட்டியது, பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னதல்ல. கதைபேச்சு. காலையில் எழும்பினால் மாடியில் அண்ணையின் மனைவி, என் மச்சாளின் சத்தம் கேட்கும், தேத்தண்ணி குடிக்க ஒரு துணை. மகளின் பள்ளிக்கூடமா, எனக்கு ஒரு மனிதக் குரலா? வெள்ளிக்கிழமைக்குள் நான் முக்கால்வாசி லாசாலுக்குப் போய்விட்டேன், மனதால்.

இதற்கிடையில் சரஸ்வதி பூசை வந்தது. கடைசி மூன்று நாள் புத்தகத்தைத் தொடக்கூடாது. பூசையில் வைத்துவிட வேண்டும். ஊரில் பள்ளிக்கூடமே வாணி விழா வைக்கும். அந்த நாட்களில் பிள்ளைகள் புத்தகம் கொண்டுபோக மாட்டார்கள், அவலும் கடலையும்தான் கொண்டுபோவார்கள். பள்ளிக்கூடம் என்றால் எங்கேயும் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு மேலே சிலுவை வேறு மாட்டியிருந்தது. சாமி இருக்கிற இடத்தில் இது தெரியாமலா இருக்கும்? மகளின் புத்தகம், கொப்பி, வீட்டுப்பாடக் குறிப்பேடு, நூலகத்தில் இரவல் எடுத்த முயல் கதை, எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

"அம்மா, இஞ்சை அப்பிடி இல்லை" என்றாள் மகள்.

"வாயை மூடு. சரஸ்வதி எங்கையும் சரஸ்வதிதான்."

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் பிள்ளை புத்தகமில்லாமல், அவல் கடலைப் பெட்டியோடு பள்ளிக்கூடம் போனாள். ஏன் என்று கேட்டபோது அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு அதைச் சொல்லப் போதவில்லை. பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறாள். வியாழன் பின்னேரம் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். நாளை பள்ளி விட்டதும் அம்மா வர வேண்டுமாம்.

அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"ஐயோ, உனக்கென்ன விசரே? மூண்டு நாள் புத்தகம் இல்லாமலோ விட்டனி? இது ஊரெண்டு நினைச்சியே? தாய் சரியாப் பாக்கேல்லை எண்டு பிள்ளையைக்கூடக் கொண்டுபோவாங்கள். இதுக்குத்தான் சொன்னனான். நாளைக்குப் போய் மன்னிப்புக் கேள். ஞாயிறு வாறன், சாமானைக் கட்டுவம்."

வெள்ளி, விஜயதசமி. காலையில் புத்தகங்களைப் பூசையிலிருந்து எடுத்து, நல்ல நாளென்று மகளை நான்கு வரி வாசிக்கச் சொன்னேன். அவள் முயல் கதையை வாசித்தாள். நான் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன், கடவுளே! சந்தனம் ஈரமாக இருந்திருக்கிறது. குங்குமம் அட்டைக்குள் ஊறி, ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சிவப்பாகப் பிடித்திருந்தது. துடைத்தேன், இன்னும் பரவியது. அட்டையைத் திறந்தால் உள்ளே ஒரு தாள் ஒட்டியிருந்தது. கோடு போட்ட தாளில் ஆறு பிள்ளைகளின் பெயர், ஆறு விதமான கையெழுத்து. ஏழாவதாக என் மகளின் பெயர். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது எங்கள் புத்தகமே இல்லை. எல்லாருடைய புத்தகத்தையும் நான் பாழாக்கியிருக்கிறேன்.

பின்னேரம் புத்தகங்களை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மதாம் வகுப்பில் தனியே இருந்தா. சின்னக் கதிரையில் என்னை இருத்தி, தானும் சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க இருந்தா. நான் மூச்சு விடாமல் தமிழில் தொடங்கினேன். பூசையைச் சொன்னேன், கறையைக் காட்டினேன், மன்னிப்புக் கேட்டேன். மகள் நடுவில் நின்று, தெரிந்ததைத் தெரிந்த மாதிரிச் சொன்னாள். மதாம் கறையைப் பார்க்கவே இல்லை. துணிக்குள் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தா, எல்லாம் இருக்கிறதா என்று. பிறகு என்னவோ மெதுவாகக் கேட்டா.

மகள் என்னையும் மதாமையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னவாம்? சொல்லு."

"நாங்கள் போகப்போறமோ எண்டு கேக்கிறா."

"எங்கை?"

"ரொறன்ரோவுக்கு. தமிழ்ச் சனம் எல்லாம் அங்கைதானே போகினமாம்."

மதாம் சொல்லச் சொல்ல மகள் சொன்னாள். போன வருடம் இந்த வகுப்பில் அக்காவும் தங்கச்சியுமாக இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்களாம். ஒரு திங்கட்கிழமை புத்தகம் இல்லாமல் வந்தார்களாம். வீட்டில் பெட்டி கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை பிள்ளைகளே வரவில்லை. மதாம் வீட்டுக்குத் தேடிப் போனாவாம், கதவில் பூட்டு. எங்கே போனார்கள் என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை என் மகளைப் புத்தகம் இல்லாமல் கண்டதிலிருந்து மதாமுக்கு நித்திரை இல்லையாம்.

"போகவேண்டாம் எண்டு சொல்ல ஏலாதாம்" என்றாள் மகள். "ஆனா போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போகட்டாம். இல்லாட்டி தாங்கள் தேடுவினமாம்."

நான் அந்த மனுஷியைப் பார்த்தேன். நாங்கள் இந்த நகரத்துக்கு வந்து எத்தனையோ மாதம். நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் காற்றோடு போனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு காலையும் மெஷினில் குந்துவேன். என் பாஷை தெரியாத ஒருத்தி மூன்று நாளாக எங்களை எண்ணிக் கலங்கியிருக்கிறா. எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டு அழுதேன், மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்க இழுக்க.

"போகேல்லை எண்டு சொல்லு" என்றேன்.

"உண்மையாவோ, அம்மா?"

"சொல்லடி!"

சொன்னாள். மதாம் மேசையில் இருந்த பேப்பர் துவாயை எனக்கு ஒன்று தந்து, தானும் ஒன்றை எடுத்து மூக்கைச் சீறினா. பிறகுதான் அந்தக் கறையைப் பார்த்தா. புத்தகத்தையா கும்பிடுவீர்கள் என்று கேட்டா. ஓம், கால் பட்டால்கூடத் தொட்டுக் கும்பிடுவோம் என்றேன். மதாம் பின்னால் அலுமாரியில் மூலைகள் நாய்க் காதாக மடிந்து கிடந்த புத்தகங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தா. இந்தக் கறையைத் துடைக்க வேண்டாமாம்.

ஞாயிறு வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அன்றே அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, நாங்கள் வரேல்லை. அவள் இஞ்சையே படிக்கட்டும்."

"என்ன சொல்லுறாய்? நான் வாக்குக் குடுத்திட்டன். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையெல்லோ உன்ரை கதை. அந்தப் பள்ளிக்கூடத்திலை உனக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லைத்தான். ஆனா நாங்கள் காணாமல் போனால் தேடி வர ஒரு ஆள் இருக்கு."

அவர் போனை வைத்துவிட்டார். தைப்பொங்கல் வரைக்கும் எடுக்கவில்லை. அந்த மாரிக் குளிர் போல ஒரு குளிரை நான் அதற்குப் பிறகு காணவில்லை. பனி ஜன்னல் பாதிவரை ஏறி நின்றது. முற்றம் தெரியாத நாட்களில் மணிச் சத்தம் மட்டும் கேட்கும். லாசாலில் மச்சாளோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கலாமே என்று எத்தனையோ தரம் என்னை நானே ஏசியிருக்கிறேன். செய்தது சரி என்று தெரிந்தால் தனிமை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோடையில் அண்ணை குடும்பம் ரொறன்ரோவுக்குப் போயிற்று. போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். மகளின் அப்பா வந்து சேர இன்னும் இரண்டு வருடம் எடுத்தது.

ஆனி மாதம் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தோம். கணக்குப் புத்தகத்தைக் கொடுக்குமுன் அட்டையைத் திறந்து பார்த்தேன். மகளின் பெயருக்குக் கீழே எட்டாவது கோடு வெறுமையாக இருந்தது.

அடுத்த புரட்டாசியில் ஒரு பின்னேரம், மகள் இன்னும் வரவில்லை, யாரோ கதவைத் தட்டினார்கள். அண்ணை ரொறன்ரோ போனபின் தபால்காரனும் வீட்டுக்காரனும் தவிர அந்தக் கதவைத் தட்டியவர்கள் இல்லை. பயந்துகொண்டே திறந்தேன். கீழ்மாடியில் இருந்த ஹெய்ட்டிப் பிள்ளை, ஒன்பது வயதிருக்கும், தலை நிறையச் சின்னப் பின்னல்கள். கையில் அந்தக் கணக்குப் புத்தகம். அட்டையைத் திறந்து என் மகளின் பெயரைக் காட்டினாள். அதற்குக் கீழே எட்டாவது கோட்டில் தன் பெயரைக் காட்டினாள். பிறகு மூடி, சிவப்புக் கறையில் விரலை வைத்து, இது என்னவென்று கேட்டாள்.

ஒரு வருடத்தில் எனக்கும் கொஞ்சம் பிரெஞ்சு வந்திருந்தது. ஆனாலும் "உள்ளை வா, பிள்ளை" என்று தமிழில்தான் சொன்னேன். அவள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.